வசைச்சொல் உள்ள பாட்டை எப்படி வெளியிடுவது: நான்கு வழிகள், அவற்றின் விலை

மும்பையில் தாராவி தொண்ணூறு அடி சாலையிலும் சயான் கோலிவாடாவிலும் ஆன்டாப் ஹில்லிலும் தமிழ் ராப் எழுதுகிறவர்கள் மிக்ஸிங் முடிகிற நேரத்தில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். பீட் (பின்னணித் தாள இசை) அமைந்துவிட்டது, ஹூக் (திரும்பத் திரும்ப வரும் வரி) அமைந்துவிட்டது, இரண்டாவது வெர்ஸில் (சரணத்தில்) நாலு இடத்தில் வசை இருக்கிறது. அப்படியே விடலாமா, பீப் போடலாமா, இரண்டு பதிப்பாக விடலாமா, வரியையே மாற்றிவிடலாமா? கலைஞனுக்குச் சுதந்திரம் உண்டு என்பார் ஒரு நண்பர். இதை வீட்டில் எப்படிப் போட்டுக் கேட்பது என்பார் இன்னொருவர். இரண்டும் நியாயம்தான், ஆனால் வெளியீட்டுத் தேதி நெருங்கும்போது இரண்டுமே கை கொடுப்பதில்லை. பாட்டுக்குப் பாட்டு பதில் மாறும். எதை வைத்து மாறும் என்று பார்ப்போம்.

## முதலில் விலக்க வேண்டியது

பலரும் தெரிந்தும் தெரியாமலும் எடுக்கிற ஐந்தாவது வழி ஒன்று உண்டு. பாட்டில் வசை இருக்கும். பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களில் ஏற்றித் தரும் டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் போன்ற விநியோகஸ்தர்களின் படிவத்தில் ‘எக்ஸ்ப்ளிசிட்’ (வசையோ ஆபாசமோ உள்ளதா) என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று போட்டுவிடுவார்கள். தமிழ் வசையை அமெரிக்கக் கருவி எங்கே கண்டுபிடிக்கப்போகிறது என்ற நம்பிக்கை. எக்ஸ்ப்ளிசிட் என்று காட்டும் ‘ஈ’ (ஆங்கில E) குறி பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் விழுந்தால் கேட்பவர்கள் குறைவார்கள் என்ற பயமும் சேர்ந்துகொள்ளும்.

இதைச் செய்யாதீர்கள். ஸ்பாட்டிஃபை குடும்பத் திட்டத்தில் கணக்கை நிர்வகிப்பவர் மற்ற உறுப்பினர்களுக்கு எக்ஸ்ப்ளிசிட் பாடல்களை அடைத்துவைக்கலாம். ஐபோனில் ஸ்கிரீன் டைம் அமைப்புக்குள் போய், க்ளீன், அதாவது வசை இல்லாத, பாடல்கள் மட்டும் ஓடும்படி வைக்கலாம். இந்தப் பூட்டுகள் உங்கள் பாட்டைக் கேட்டுப் பார்த்து முடிவு செய்வதில்லை. நீங்கள் வைத்த குறியைத்தான் நம்புகின்றன. குறி இல்லையென்றால் முலுண்டில் ஒரு அம்மா தன் எட்டு வயதுப் பிள்ளைக்காகப் போட்டுவைத்த பூட்டு திறந்தே கிடக்கிறது, அவருக்கு அது தெரியவும் தெரியாது. கேட்பவருக்குக் கலைஞர் பட்டிருக்கும் கடனில் மிகச் சிறியது இந்தக் குறி. அதற்கு ஒரு காசும் செலவில்லை.

## எதை வைத்து முடிவெடுப்பது

சொல் என்ன வேலை செய்கிறது. பீட் இல்லாமல் அந்த வரியைச் சத்தமாகப் படியுங்கள். வசையை எடுத்துவிட்டு மறுபடி படியுங்கள். பொருள் விழுகிறதா, அல்லது மாத்திரை மட்டும் குறைகிறதா? மாத்திரை மட்டும் குறைந்தால் அந்தச் சொல் இட்டு நிரப்பியது. பாட்டு எழுதும்போது பாதி வசைகள் இப்படித்தான் வந்து உட்கார்கின்றன.

அது யார் மேல் விழுகிறது. நம் வசைகளில் பெரும்பகுதி, தமிழிலும் சரி, மும்பையில் அதோடு கலந்து ஓடும் இந்தியிலும் மராத்தியிலும் சரி, ஒருவரின் தாயையோ சகோதரியையோ இழுத்துத்தான் அவரைத் திட்டும். குடிசையை இடிக்க வந்தவன் மேல் கோபம் என்று எழுதிய வரி அவன் மேல் விழாமல், அங்கே இல்லாத ஒரு பெண்ணின் உடல் மேல் போய் விழுகிறது. கோபம் உண்மையானது என்பதால்தான் அது சரியான இடத்தில் விழ வேண்டும் என்கிறேன்.

யார் காதில் விழும். தாராவியில் பாட்டு ஹெட்ஃபோனுக்குள் மட்டும் ஓடுவதில்லை. சால் எனப்படும் வரிசைக் குடியிருப்பின் பொது நடையில் ஒரு ஸ்பீக்கர் ஓடினால் பத்து வீட்டுக்குக் கேட்கும். தாராவி டிரீம் புராஜெக்ட் போன்ற இடங்களில் சிறு பிள்ளைகள் ராப்பும் பீட்பாக்ஸும் கற்றுக்கொள்கிறார்கள். அவர்கள் மனப்பாடம் செய்வது அதே தெருவின் அண்ணன்மாருடைய வெர்ஸை.

எங்கெல்லாம் போக வேண்டும். ஸ்ட்ரீமிங் மட்டுமா, எஃப்.எம். வேண்டுமா, தொலைக்காட்சியா, பொங்கல் விழா மேடையா, கல்லூரி ஃபெஸ்டா என்பதை முன்கூட்டியே எழுதிவையுங்கள். தொலைக்காட்சிக்கு விதி தெளிவு: கேபிள் வழியே காட்டப்படும் மியூசிக் வீடியோவுக்குத் திரைப்படத் தணிக்கை வாரியத்தின் ‘யு’ சான்றிதழ் வேண்டும். தனியார் எஃப்.எம். நிலையங்கள் அகில இந்திய வானொலியின் நிகழ்ச்சி விதிகளுக்குக் கட்டுப்பட்டவை. மது, போதை, துப்பாக்கி ஆகியவற்றைப் போற்றும் பாடல்களை ஒலிபரப்ப வேண்டாம் என்று 2022 டிசம்பரில் ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அவற்றுக்கு அறிவுறுத்தியது. எனவே வசையை நீக்கினால் மட்டும் எஃப்.எம். கதவு திறந்துவிடாது.

பணமும் நேரமும். இதை ஒவ்வொரு வழியிலும் தனித்தனியாகப் பார்ப்போம்.

## சட்டம் எங்கே நிற்கிறது

மேடைக்கு ஒரு சட்டம், இணையத்துக்கு ஒரு சட்டம். பொது இடத்தில் பிறருக்குத் தொல்லையாகும்படி ஆபாசப் பாட்டுப் பாடினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 296-ஆம் பிரிவு: 3 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 294-ஆம் பிரிவுதான் 2024 ஜூலை 1 முதல் இந்த எண்ணில் இருக்கிறது. இணையத்தில் ஆபாசமானதை வெளியிட்டால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவு: முதல் முறை 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

எது ஆபாசம் என்பதில் உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் ஒரு வெப் தொடர் வழக்கில் முக்கியமான கோட்டைப் போட்டது. வசைச்சொற்கள் இருப்பதாலேயே ஒரு படைப்பு ஆபாசம் ஆகிவிடாது. காம உணர்வைத் தூண்டும் தன்மை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றது. ஆக, கோபத்தில் வரும் வசைக்கும் உடலை வர்ணிக்கும் வரிக்கும் சட்டத்தின் கண்ணில் தூரம் இருக்கிறது. ஆனால் அந்தத் தீர்ப்பு யாரும் புகார் கொடுப்பதைத் தடுத்துவிடாது. கடைசியில் வென்றாலும் வழக்கறிஞர் செலவும் நீதிமன்ற அலைச்சலும் உங்கள் தலையில்தான்.

சாதிப் பெயரால் இழிவுபடுத்தும் சொல் முற்றிலும் வேறு. பட்டியல் சாதி, பழங்குடியினரை அச்சமூகங்களைச் சேராத ஒருவர் பொதுப் பார்வையில் அப்படி இழிவுபடுத்தினால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். இதற்கு ‘ஈ’ குறி மருந்தாகாது. சட்டமே இல்லாவிட்டாலும் அந்தச் சொல்லுக்கு இந்த நான்கு வழிகளிலும் இடம் கிடையாது.

## வழி 1: அப்படியே, ‘ஈ’ குறியோடு

செலவு மிகக் குறைவு. ஒரு மாஸ்டர் (வெளியீட்டுக்குத் தயாரான இறுதி ஒலிக்கோப்பு), ஒரு ஐ.எஸ்.ஆர்.சி. எண் (ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தரப்படும் அடையாள எண்), ஒரு பதிவேற்றம்.

மறைந்திருக்கும் விலை பிறகு தெரியும். எஃப்.எம்., தொலைக்காட்சி இரண்டும் போய்விடும். பொங்கல் விழாவுக்கோ கணபதி மண்டல் மேடைக்கோ கூப்பிட நினைப்பவர்கள் முதலில் இந்தப் பாட்டைத்தான் கேட்டுப் பார்ப்பார்கள். யூடியூப்பில் தலைப்பிலோ முகப்புப் படத்திலோ வசை இருந்தால் விளம்பர வருமானம் குறையும். வீடியோவுக்கு வயது வரம்பு விழுந்தால் 18 வயது நிரம்பியவர் கணக்கில் நுழைந்துதான் பார்க்க முடியும், பெரும்பாலான வெளித் தளங்களில் அதைப் பதித்தும் ஓட்ட முடியாது. பார்வைகள் சட்டென்று சரிவதற்கு இது போதும்.

இந்த வழி பொருந்தும் இடம்: வசை சாட்சியாக நிற்கும்போது. கதைசொல்லியைப் பார்த்துப் போலீஸ்காரரோ வீட்டு உரிமையாளரோ மேஸ்திரியோ சொன்ன வார்த்தை அது என்றால், அதை மென்மையாக்குவது நடந்ததை மென்மையாக்குவது. அங்கே சொல் நிற்கட்டும், குறியும் நிற்கட்டும்.

## வழி 2: இரண்டு பதிப்பு

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பழைய காரணம் உண்டு. அமெரிக்காவில் 1985 செப்டம்பரில் பாடல் வரிகளைப் பற்றி செனட் குழுவின் முன் விசாரணை நடந்தது. பெற்றோர் குழு ஒன்றின் வற்புறுத்தல்தான் காரணம். அதையொட்டி வந்த எச்சரிக்கை முத்திரை 1990-இல் எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே வடிவமானது. முத்திரை குத்திய ஆல்பங்களை விற்க வால்மார்ட் மறுத்தது. கடையில் இடம் பிடிப்பதற்காகவே க்ளீன் பதிப்புகள் பெருகின. இன்று கடையின் இடத்தில் எஃப்.எம்.மும் மேடையும் குடும்பத் திட்டத்தின் பூட்டும் இருக்கின்றன.

வேலை இப்படிப் போகும்.

1. இரண்டு பதிப்பையும் ஒரே நாளில், அதே மைக், அதே தூரம், அதே ப்ரீஆம்ப் (மைக் ஒலியைப் பெருக்கும் கருவி) அளவில் பதிவு செய்யுங்கள். இரண்டு மாதம் கழித்து நாலு சொல்லை மட்டும் பாடி ஒட்டினால் குரலின் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். தனிச்சொல்லைப் பாடாமல் வரி முழுவதையும் பாடுங்கள். மூச்சு இயல்பாக விழும்.
2. லீட் (முதன்மை) குரலோடு டபுள் (அதே வரியை மறுபடி பாடி அடுக்கியது), ஆட்லிப் (இடையில் வரும் சிறு கூவல்கள்), ஹூக்கின் பின்குரல் எல்லாவற்றையும் க்ளீனாகப் பதிவு செய்யுங்கள். பெரும்பாலும் தவறுவது இங்கேதான். லீடில் சொல் மாறியிருக்கும், இடது ஓரத்து டபுளில் பழைய வசை மெல்லக் கேட்கும்.
3. இரண்டையும் ஒரே மாஸ்டரிங் அமைப்பில் ஓட்டுங்கள். ஸ்பாட்டிஃபை -14 எல்.யூ.எஃப்.எஸ். (காதில் உணரும் சத்தத்தின் அளவை) அளவுக்குச் சத்தத்தைச் சமன் செய்வதால் ஓங்கிய மாஸ்டரால் பயனில்லை. பதிப்புகளுக்குள் வேறுபாடு இல்லாமல் இருப்பதே முக்கியம்.
4. க்ளீன் பதிப்புக்குத் தனி ஐ.எஸ்.ஆர்.சி. வேண்டும். விநியோகஸ்தரே தருவார், நேரடியாக வேண்டுமென்றால் இந்தியாவில் அதை வழங்குவது இந்தியன் மியூசிக் இண்டஸ்ட்ரி அமைப்பு.
5. தலைப்பில் ‘க்ளீன்’, ‘எக்ஸ்ப்ளிசிட்’ என்று எழுதாதீர்கள். ஆப்பிள் மியூசிக் அதை ஏற்பதில்லை. குறியில்தான் காட்ட வேண்டும். எக்ஸ்ப்ளிசிட் பதிப்பு ஒன்று இருந்தால்தான் ‘க்ளீன்’ குறி பொருந்தும். வசையே இல்லாத பாட்டுக்கு இரண்டு குறியும் வேண்டாம்.
6. வரிகளையும் தனித்தனியே சமர்ப்பியுங்கள். க்ளீன் பாட்டு ஓடும்போது திரையில் வசை எழுத்தாக ஓடினால் செய்த வேலை அத்தனையும் வீண்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஸ்பாட்டிஃபை 2024 முதல், கடந்த 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்படாத டிராக்குக்கு ராயல்டி தருவதில்லை. ஐ.எஸ்.ஆர்.சி. வேறு என்றால் எண்ணிக்கையும் வேறு. உங்கள் பாட்டு மொத்தம் 1,500 முறை கேட்கப்பட்டு, இரண்டு பதிப்புக்கும் பாதிப்பாதியாகப் பிரிந்தால் கையில் ஒன்றும் வராது. புதிய கலைஞர்கள் எக்ஸ்ப்ளிசிட், க்ளீன் இரண்டில் ஒன்றை மட்டும் எல்லா இடத்திலும் பகிர்ந்து முன்னுக்குத் தள்ளுவது நல்லது. இரண்டாவது செலவு பீட்டில் இருக்கிறது. இணையத்தில் லீஸுக்கு, அதாவது வரம்புள்ள உரிமத்தில், வாங்கிய பீட் என்றால், உரிமம் ஒரே ஒரு வெளியீட்டுக்கு மட்டும் இருக்கலாம். இரண்டாம் பதிப்பு தனி வெளியீடாகக் கணக்காகுமா என்று விற்றவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

யூடியூப் ஷார்ட்ஸ், இன்ஸ்டாகிராம் ரீல்ஸுக்குப் போகும் துண்டை க்ளீன் பதிப்பிலிருந்தே வெட்டுங்கள். துண்டைப் பாட்டாகத் தேடி வந்து யாரும் கேட்பதில்லை. விரல் தள்ளும்போது தானாக ஓடுகிறது. கேட்பவர் தேர்ந்தெடுக்காத இடத்தில் கலைஞர் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

## வழி 3: மறைப்பு மட்டும்

பீப், மௌனம், தலைகீழ் ஒலி, மேலே ஒரு அடி: நான்கும் இந்த வகை. அவசரத்துக்கு எளிது, ஆனால் செய்கிற விதத்தில்தான் கெடுகிறது.

குரல் இசையோடு கலக்காமல் தனி டிராக்காக இருந்தால் மட்டுமே சுத்தமாக வரும். வெட்டுவதை ரிவெர்ப் (அறை முழக்கம்), டிலே (எதிரொலி) விளைவுகளுக்குப் போகும் முன்னால், குரல் கிளிப்பிலேயே வெட்டுங்கள். ஃபேடரை (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் கட்டையை) மட்டும் இறக்கினால், டிலேக்குக் குரல் பிரிந்து போகும் இடத்தைப் பொறுத்து, சொல் டிலேயில் எதிரொலியாகத் திரும்பி வரும். வெட்டின் இரு முனையிலும் 5 முதல் 10 மில்லி விநாடி ஃபேட் (ஒலி மெல்ல ஏறி இறங்குவது) வையுங்கள். இல்லையென்றால் ‘டிக்’ என்று கேட்கும். பீப் என்றால் வழக்கமாக 1 கிலோஹெர்ட்ஸ் ஒலி. காது அந்த அலைவரிசையைக் கூர்மையாகப் பிடிக்கும் என்பதால் குரலின் அளவுக்குக் கீழே வையுங்கள். என் தேர்வு பீப் அல்ல. அந்த இடத்தில் ஒரு ஸ்னேர் டிரம் அடியோ பறை அடியோ விழுந்தால் தாளம் உடையாது. தலைகீழாக்கினால் முடிந்ததும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். சில சொற்கள் திருப்பினாலும் அடையாளம் தெரியும்.

முடித்த பிறகு சாதாரண ஃபோன் ஸ்பீக்கரிலும், ஒரு காது மட்டும் மாட்டிய ஹெட்ஃபோனிலும் கேளுங்கள். மறைந்துவிட்டது என்று நினைத்த டபுள் அங்கே வெளிப்படும்.

இதன் பெரிய குறை தொழில்நுட்பத்தில் இல்லை. எதுகை காட்டிக்கொடுக்கிற இடத்தில் மறைத்த சொல் மறைந்ததாகாது, கேட்பவரே அதை நிரப்பிக்கொள்வார். 2015 டிசம்பரில் இணையத்தில் கசிந்து ‘பீப் பாட்டு’ என்றே பெயரான தமிழ்ப் பாட்டை நினைத்துப் பாருங்கள். சொல்லின் மேல் பீப் இருந்தது. ஆனாலும் பெண்கள் அமைப்புகள் போராடின, காவல் நிலையத்துக்குப் புகார் போனது. மக்களைக் காயப்படுத்தியது அந்த ஒரு சொல் மட்டுமல்ல, வரி பெண்ணைப் பார்த்த பார்வை. பார்வைக்கு பீப் கிடையாது.

பொருந்தும் இடம்: ஒன்றிரண்டு சொல் மட்டும், அதுவும் எதுகையில் இல்லாமல், நாளை மறுநாள் ஒரு மேடைக்கு பேக்கிங் டிராக் (மேடையில் பின்னணியாக ஓட்டும் பதிவு) வேண்டும் என்றால். வேறு ஒருவர் உங்கள் பாட்டை இப்படி வெட்டப்போகிறார் என்றால் ஒப்பந்தத்தில் உங்கள் ஒப்புதல் தேவை என்று ஒரு வரி சேருங்கள். எழுதியவரின் படைப்பைச் சிதைப்பதற்கு எதிரான உரிமை 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவில் இருக்கிறது, ஆனால் முன்பே எழுதிவைத்தால் சண்டையே வராது.

## வழி 4: வரியையே மாற்றுவது

பதிவுக்கு முன்பே செய்தால் கூடுதல் ஸ்டூடியோ செலவு இல்லை, எழுதுகிறவருக்கு மண்டை காயும். பதிவு முடிந்திருந்தால் அந்த வரியை மறுபடி பாட வேண்டும்.

சொல்லுக்குச் சொல் மாற்றினால் சப்பென்று ஆகிவிடும். வசை இருந்த இடத்தில் ‘மோசமானவன்’ என்று போட்டால் எந்தக் கூட்டமும் எழுந்து கத்தாது. வரி முழுவதையும் கலைத்து, எதுகையையும் அடி விழும் அசையையும் மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி கட்டுங்கள். தமிழில் திட்டுவதற்கு ஆயுதப் பஞ்சம் கிடையாது. மண்ணை வாரித் தூற்றும் சாபம் இருக்கிறது, ஒப்பாரியில் ஒளிந்து வரும் குத்தல் இருக்கிறது. வசைபாடக் காளமேகம் என்று பெயரெடுத்த புலவரின் பலமே சிலேடையில்தான் இருந்தது.

இன்னொரு வழி, செய்ததைச் சொல்வது. குடிசையை இடித்துப் புது வீடு கட்டித் தரும் மறுகட்டுமானத்தில் ஏமாற்றியவரைப் பற்றிப் பாட்டு என்றால், எந்த மாதம் சாவி தருவதாகச் சொன்னார், எத்தனை சதுர அடி என்றார், வீடு கட்டி முடியும்வரை தருவதாகச் சொன்ன மாற்று வாடகை எப்போது நின்றது என்று அடுக்குங்கள். கேட்பவர் வாயில் வசை தானாக வரும். பாட்டில் அது இருக்க வேண்டியதில்லை. நிஜப் பெயர் மட்டும் வேண்டாம், அவதூறு வழக்கு வேறு கதை.

தாயையும் சகோதரியையும் இழுக்கும் வசைக்கு நான் எப்போதும் இந்த வழியைத்தான் சொல்வேன். இது பொருந்தாத இடமும் உண்டு: பாட்டின் குரலே கட்டுமீறிய ஒருவருடையது என்றால் நாகரிகமாக்கிய வரி பொய்யாக ஒலிக்கும். அப்போது வழி 2-க்குப் போங்கள்.

## ஒரே பார்வையில்

| | அப்படியே + ‘ஈ’ | இரண்டு பதிப்பு | மறைப்பு மட்டும் | வரி மாற்றம் |
|---|---|---|---|---|
| எஃப்.எம்., தொலைக்காட்சி | கிடையாது | க்ளீன் பதிப்புக்கு வாய்ப்பு | சொல் புரிந்துவிட்டால் சிக்கல் | வாய்ப்பு அதிகம் |
| வீட்டுப் பூட்டு | வேலை செய்யும் | வேலை செய்யும், பிள்ளைக்கும் பாட்டு உண்டு | குறி தேவையா என்பது மறைப்பின் தரத்தைப் பொறுத்தது | தேவையில்லை |
| கூடுதல் வேலை | இல்லை | அதிகம் | குரல் தனி டிராக் இருந்தால் குறைவு | எழுத்தில் மட்டும் |
| மறை செலவு | மேடை, விளம்பர வருமானம் | பிரியும் எண்ணிக்கை, பீட் உரிமம் | தாளம் உடைவது, பொருள் அப்படியே நிற்பது | வேகம் குறையும் ஆபத்து |

## மேடைக்கு மட்டும் தனியாக

எந்த வழியில் வெளியிட்டாலும் நேரடி நிகழ்ச்சிக்கு க்ளீன் பேக்கிங் டிராக் ஒன்றை வைத்திருங்கள். ஏற்பாட்டாளரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: திறந்த வெளியா, சிறுவர்கள் வருவார்களா, பக்கத்தில் என்ன இருக்கிறது. டிக்கெட் வாங்கி வந்த 18 வயதுக்கு மேற்பட்டோரின் கிளப்பும் மாட்டுங்கா லேபர் கேம்ப் திறந்தவெளியும் ஒன்றல்ல. முன்வரிசையில் பாட்டிமார் உட்கார்ந்திருக்கும் மேடையில் கூட்டம் வசையைத் தானே கத்தினால், மைக்கை அவர்கள் பக்கம் நீட்டாமல் அடுத்த வரிக்குப் போய்விடுங்கள்.

தமிழ் மட்டும் தெரிந்தவர் சரிபார்த்தால் போதாது. இந்தியும் மராத்தியும் பேசும் ஒருவரையும் உட்காரவைத்துக் கேளுங்கள். கலந்து எழுதிய வெர்ஸில் தமிழ் வசையை நீக்கிவிட்டு இந்தி வசையை விட்டுவைப்பது அடிக்கடி நடக்கிறது.

## ஏற்கெனவே குறி இல்லாமல் வெளியான பாட்டு

குறியை மட்டும் மாற்ற, விநியோகஸ்தரின் கணக்கில் பாட்டின் விவரங்களைத் திருத்துங்கள்; அங்கே முடியாவிட்டால் உதவிக் குழுவுக்கு எழுதுங்கள். ஒலி மாறாததால் ஐ.எஸ்.ஆர்.சி.யும் கேட்ட எண்ணிக்கையும் அப்படியே இருக்கும். பாட்டை எடுத்துவிட்டு மறுபடி ஏற்ற வேண்டியதில்லை. ஒலியை வெட்டியோ வரியை மாற்றியோ திருத்தினால் அது புதிய பதிவு: புதிய ஐ.எஸ்.ஆர்.சி., எண்ணிக்கை சுழியிலிருந்து. அதனால் முதலில் பழையதற்கு ‘ஈ’ குறி, பிறகு க்ளீன் பதிப்பைத் தனி வெளியீடாகச் சேர்ப்பது என்ற வரிசையில் போங்கள். யூடியூப்பில் ஏற்றிய வீடியோவின் இடத்தில் திருத்திய கோப்பை அதே முகவரியில் வைக்க முடியாது, ஆனால் தலைப்பையும் முகப்புப் படத்தையும் இன்றே மாற்றலாம். வயது வரம்பையும் நீங்களே அமைக்கலாம். திருத்தம் எல்லாத் தளங்களிலும் ஒரே நேரத்தில் வராது. ஒரு வாரம் கழித்து ஒவ்வொரு செயலியையும் திறந்து, எக்ஸ்ப்ளிசிட் பாடல்களை அடைத்த கணக்கு ஒன்றில் உங்கள் பாட்டைத் தேடிப் பாருங்கள். அங்கே ஓடினால் மறுபடி எழுதுங்கள்.